பருப்பையும் முட்டையையும் நிறுத்தினால் புற்றுநோய் பட்டினி கிடக்குமா?

கேள்வி:

டாக்டர், என் அக்காவுக்கு 46 வயது. மார்பகப் புற்றுநோய், டிரிபிள் நெகட்டிவ் வகை என்று சொன்னார்கள். ஆபரேஷன் முடிந்து இப்போது கீமோ போய்க்கொண்டிருக்கிறது. ‘அஸ்பாரஜின் என்ற அமினோ அமிலம்தான் புற்றுநோயைப் பரவ வைக்கிறது, சாப்பாட்டில் அதைக் குறைத்தால் பரவாது’ என்று யாரோ அனுப்பிய செய்தியைப் படித்துவிட்டு பால், முட்டை, மீன், கோழி, பருப்பு, கொட்டை வகைகள், உருளைக்கிழங்கு எல்லாவற்றையும் நிறுத்திவிட்டார். பழமும் வேகவைத்த காய்கறியும்தான் சாப்பாடு. ஒரே மாதத்தில் 4 கிலோ இறங்கிவிட்டார். சொன்னால் கோபப்படுகிறார்.

எங்களுக்குத் தெரிந்த ஒரு சிறுவனுக்கு ரத்தப் புற்றுநோய். அவனுக்கு அஸ்பாரஜினேஸ் என்று ஓர் ஊசி போடுகிறார்கள்; அது அஸ்பாரஜினை அழிக்கும் மருந்தாம். அப்படியானால் அக்கா சொல்வதில் உண்மை இருக்கிறதா? அதே ஊசியை அக்காவுக்கும் போட்டால் என்ன? அந்தச் சிறுவனும் இந்த உணவுகளைத் தவிர்க்க வேண்டாமா? உடம்பே அஸ்பாரஜினைத் தயாரித்துக்கொள்ளும் என்றும் ஓர் இடத்தில் படித்தேன். உடம்பே தயாரிக்கும் என்றால் ஊசி போட்டுத்தான் என்ன பயன்? எனக்கு ஒன்றும் பிடிபடவில்லை.

– ஒரு வாசகி

பதில்:

அன்புள்ள சகோதரிக்கு,

அவசரமான விஷயத்தை முதலில் சொல்லிவிடுகிறேன். சிறுநீரகக் கோளாறு மாதிரி வேறு காரணத்துக்காக அக்காவின் டாக்டர் புரதத்தைக் குறைக்கச் சொல்லியிருந்தால் தவிர, இன்று இரவே முட்டையும் பருப்பும் பாலும் அவருடைய தட்டுக்குத் திரும்பட்டும். கீமோ நடக்கும்போது ஒரு மாதத்தில் 4 கிலோ இறங்குவது சாதாரண விஷயம் இல்லை. அப்படி இறங்கும் எடையில் கொழுப்போடு தசையும் சேர்ந்து கரைகிறது. தசை கரைந்தால் கீமோவின் பக்க விளைவுகள் கடுமையாகும், ஆபரேஷன் புண் ஆறத் தாமதமாகும், தொற்று எளிதில் பிடிக்கும். அடுத்த கீமோவைத் தள்ளிப்போடவோ மருந்தின் அளவைக் குறைக்கவோ வேண்டி வரும். ஆபரேஷனுக்குப் பிறகு இப்போது அக்காவைக் காப்பாற்றுகிற சிகிச்சை அந்தக் கீமோதான்.

இனி உங்கள் கேள்விகள். நீங்கள் கடைசியில் போகிற போக்கில் கேட்டிருக்கிறீர்களே, ‘உடம்பே தயாரிக்கும் என்றால் ஊசி எதற்கு?’ என்று, அதுதான் இதில் முக்கியமான கேள்வி. அதற்கு விடை தெரிந்தால் மற்றவை தானாகத் தெளிந்துவிடும். கொஞ்சம் வேதியியல் வரும், பொறுத்துக்கொள்ளுங்கள்.

நம் உடம்பின் புரதங்கள் 20 வகை அமினோ அமிலங்களைக் கோத்து உருவானவை. இந்த இருபதில் மனிதன் முதன்முதலில் பிரித்தெடுத்தது அஸ்பாரஜினைத்தான். 1806இல் பிரான்ஸில் வோக்லான், ரோபிகே என்ற இரண்டு வேதியியலாளர்கள் அஸ்பாரகஸ் தண்டின் சாற்றிலிருந்து அதைப் படிகமாக எடுத்தார்கள். அதனால்தான் அந்தப் பெயர். அதனால்தான் இன்றும் செய்திகளில் அந்தத் தண்டின் படத்தைப் போட்டு ‘இது புற்றுநோயைப் பரப்பும்’ என்று பயமுறுத்துகிறார்கள். பாவம், அது என்ன செய்யும்! பால், முட்டை, மீன், இறைச்சி, பயறு, தானியம் என்று எந்தப் புரத உணவை எடுத்தாலும் அதில் அஸ்பாரஜின் இருக்கும். அக்காவின் பட்டியல் அவ்வளவு நீண்டு போனதற்குக் காரணம் இதுதான். அஸ்பாரஜினைத் தவிர்க்கப் புறப்பட்டால் புரதத்தையே தவிர்ப்பதில்தான் போய் முடியும்.

இருபதில் 9 அமினோ அமிலங்களை நம் உடம்பால் தயாரிக்க முடியாது. சாப்பாட்டிலிருந்துதான் வர வேண்டும். அஸ்பாரஜின் அந்த ஒன்பதில் இல்லை. ஏறக்குறைய எல்லாச் செல்களும் அதைச் சொந்தமாகத் தயாரித்துக்கொள்ளும். மூலப்பொருள் அஸ்பார்டேட் என்ற இன்னோர் அமினோ அமிலம். இரண்டுக்கும் உள்ள வித்தியாசம் மிகச் சிறியது: அஸ்பார்டேட்டின் பக்கக் கிளையின் நுனியில் ஓர் ஆக்சிஜன் இருக்கும் இடத்தில், அஸ்பாரஜினில் ஒரு நைட்ரஜன் இருக்கும். இந்த ஓர் அணு மாற்றத்தைச் செய்வதற்கென்றே செல்லில் ஒரு நொதி இருக்கிறது. அதன் பெயர் அஸ்பாரஜின் சிந்தடேஸ். அதற்கான மரபணு நம் 7ஆவது குரோமோசோமில் இருக்கிறது.

அந்த நொதி வேலை செய்யும் விதத்தை எத்தனை முறை படித்தாலும் எனக்கு ஆச்சரியம் குறைவதில்லை. அதற்குள் இரண்டு அறைகள். முதல் அறைக்குள் குளூட்டமின் நுழைகிறது. குளூட்டமின் நம் ரத்தத்தில் தாராளமாகச் சுற்றிக்கொண்டிருக்கும் அமினோ அமிலம். நைட்ரஜனைக் கொடுத்து உதவுவது அதன் முக்கியமான வேலைகளில் ஒன்று. இங்கே அதன் நுனியிலிருந்து நைட்ரஜன் அம்மோனியாவாகக் கழற்றப்படுகிறது. மிச்சம் குளூட்டமேட்டாக வெளியே போகிறது. இரண்டாவது அறையில் அஸ்பார்டேட் காத்திருக்கிறது. ஆனால் அது லேசில் மசியாது. அதைத் தயார்படுத்த, செல்லின் ஆற்றல் நாணயமான ஏடிபி மூலக்கூறு ஒன்று செலவாக வேண்டும். ஏடிபி முறிந்து, அதன் ஏஎம்பி பகுதி அஸ்பார்டேட்டின் நுனியில் ஒட்டிக்கொள்ளும். மீதி இரண்டு பாஸ்பேட்டும் ஜோடியாகக் கழன்றுவிடும். இந்த நிலையில் அஸ்பார்டேட் வினைக்குத் துடிக்கிறது. முதல் அறையில் பிறந்த அம்மோனியா, நொதியின் உடலுக்குள்ளேயே ஓடும் ஒரு குறுகிய சுரங்கம் வழியாக இங்கே வந்து சேர்ந்து, ஏஎம்பியைத் தள்ளிவிட்டு அந்த இடத்தில் உட்கார்ந்துகொள்ளும். அஸ்பாரஜின் தயார். அம்மோனியா செல்லுக்கு நச்சு. அது வெளியே சிந்தாமல் கைமாறுவதற்குத்தான் இந்தச் சுரங்கம். மனிதர்களின் இந்த நொதியுடைய முப்பரிமாண அமைப்பு, எக்ஸ்ரே படிகவியல் வழியாக 2019இல்தான் வெளியானது.

மூலப்பொருளான அஸ்பார்டேட்டும் சும்மா வந்துவிடுவதில்லை. அதை, செல்லின் ஆற்றல் நிலையமான மைட்டோகாண்ட்ரியாவின் சிட்ரிக் அமிலச் சுழற்சியிலிருந்து ஆக்ஸலோஅசிடேட் என்ற பொருளை எடுத்து, அதில் ஒரு நைட்ரஜனைச் சேர்த்துச் செய்ய வேண்டும். செல் சுவாசிப்பதற்கான முக்கியக் காரணங்களில் ஒன்றே போதிய அஸ்பார்டேட் தயாரிப்பதுதான் என்று 2015இல் இரண்டு ஆய்வுக் குழுக்கள் காட்டின. ஆக, ஓர் அஸ்பாரஜினுக்குப் பின்னால் சுவாசம், குளூட்டமின், ஏடிபி என்று மூன்று செலவுகள் இருக்கின்றன.

இவ்வளவு செலவு செய்து தயாரித்ததைச் செல் எரிபொருளாக எரிப்பதும் இல்லை. குளூட்டமினைப் பல செல்கள் உடைத்து ஆற்றலாக்கும். அஸ்பாரஜினை நம் செல்கள் பெரும்பாலும் அப்படித் தொடுவதில்லை. அது புரதம் கட்டத்தான். புரதங்களில் சராசரியாக நூறு கண்ணிகளுக்கு நான்கு அஸ்பாரஜினாக இருக்கும். செல்லின் மேற்பரப்புப் புரதங்கள் பலவற்றில் சர்க்கரைச் சங்கிலி வந்து ஒட்டுகிற இடமும் இதுதான். செல்லுக்குள் போதிய அஸ்பாரஜின் இருந்தால், வளரலாம் என்ற சமிக்ஞையாகவும் அது வேலை செய்கிறது. 2014இல் வந்த ஓர் ஆய்வில், குளூட்டமின் இல்லாமல் செத்துக்கொண்டிருந்த புற்றுநோய்ச் செல்களுக்கு அஸ்பாரஜினை மட்டும் கொடுத்தார்கள். ஆற்றல் உற்பத்தி பழைய நிலைக்குத் திரும்பாமலே அவை பிழைத்துக்கொண்டன. புற்றுநோய் ஆய்வாளர்களுக்கு இந்த அமினோ அமிலத்தின் மேல் இவ்வளவு அக்கறை வருவதற்கு இது ஒரு காரணம்.

இப்போது அக்காவின் விஷயத்துக்கு நேரடியாகத் தொடர்புள்ள இடம். வெளியிலிருந்து வரும் அஸ்பாரஜின் குறைந்தால் செல் என்ன செய்யும்? கையைக் கட்டிக்கொண்டு இருக்காது. புரதம் கட்டும் இடத்துக்கு அமினோ அமிலங்களைத் தூக்கி வருபவை டிஆர்என்ஏ என்ற மூலக்கூறுகள். அஸ்பாரஜினுக்குத் தட்டுப்பாடு வந்தால் அதற்குரிய டிஆர்என்ஏக்கள் வெறுங்கையோடு நிற்கும். ஜிசிஎன்2 என்ற புரதம் இதைக் கண்டுகொண்டு எச்சரிக்கை எழுப்பும். உடனே செல் பொதுவான புரத உற்பத்தியைத் தணித்துவிட்டு, ஏடிஎஃப்4 என்ற ஒரு புரதத்தை மட்டும் வழக்கத்தைவிட அதிகமாகக் கட்டும். அந்த ஏடிஎஃப்4 உட்கருவுக்குள் போய் அஸ்பாரஜின் சிந்தடேஸ் மரபணுவை முடுக்கிவிடும். நொதி பெருகும், உற்பத்தி கூடும். அதாவது உணவில் குறைக்கக் குறைக்க, இந்தத் திறன் உள்ள செல் தன் சொந்தத் தயாரிப்பைக் கூட்டிக்கொண்டே போகும். ஆரோக்கியமான செல்லும் இதைச் செய்யும். மார்பகம், கணையம், நுரையீரல் போன்ற இடங்களில் வரும் கட்டிகளின் செல்களில் பெரும்பாலானவையும் செய்யும்.

அப்படியானால் அந்தச் சிறுவனுக்கு மட்டும் ஊசி எப்படி வேலை செய்கிறது? அந்தக் கதை கினிப் பன்றியிலிருந்து தொடங்குகிறது.

1953இல் அமெரிக்காவில் ஜான் கிட் என்ற ஆய்வாளர், லிம்போமா என்ற நிணநீர்ப் புற்றுநோய் வந்த எலிகளுக்குப் பல பிராணிகளின் சீரத்தை, அதாவது ரத்தம் உறைந்த பின் பிரியும் தெளிந்த நீரை, செலுத்திப் பார்த்தார். கினிப் பன்றியின் சீரம் ஏற்றிய எலிகளில் கட்டிகள் கரைந்தன. மற்றப் பிராணிகளின் சீரத்துக்கு அந்த விளைவு இல்லை. காரணம் அவருக்குப் பிடிபடவில்லை. ஆனால் கினிப் பன்றியின் சீரத்தில் அஸ்பாரஜினை உடைக்கும் நொதி இருக்கிறது என்று கிளெமென்டி என்பவர் 1922லேயே எழுதி வைத்திருந்தார். அந்தப் பழைய தகவலையும் கிட்டின் சோதனையையும் 1961இல் ஜான் புரூம் சேர்த்து வைத்துப் பார்த்தார். கட்டியைக் கரைப்பது அஸ்பாரஜினேஸ்தான் என்று காட்டினார். கினிப் பன்றியின் ரத்தத்தை நம்பி மருந்து தயாரிக்க முடியுமா? 1964இல் ஈ. கோலை பாக்டீரியாவிலிருந்தும் அதே வேலையைச் செய்யும் நொதியைப் பிரித்தெடுத்தார்கள். அதன் பிறகுதான் நோயாளிகளுக்குக் கொடுக்க வழி பிறந்தது. 1978இல் அமெரிக்காவில் இதற்கு முறையான அனுமதி கிடைத்தது.

குழந்தைகளுக்கு அதிகம் வரும் ரத்தப் புற்றுநோய், தீவிர லிம்போபிளாஸ்டிக் லூக்கேமியா. அந்தச் செல்களில் பெரும்பாலானவற்றில் அஸ்பாரஜின் சிந்தடேஸ் மிகக் குறைவு. பலவற்றில் அந்த மரபணுவின் மேல் மெத்தில் முத்திரை விழுந்து அது பூட்டப்பட்டிருக்கிறது. எச்சரிக்கை மணி அடித்தாலும் அவற்றால் உற்பத்தியைப் போதிய அளவு கூட்ட முடியாது. வீட்டில் அடுப்பே இல்லாமல் மூன்று வேளையும் கடைச் சாப்பாட்டில் காலம் தள்ளுகிறவரைப் போன்றவை அவை. கடையை மூடிவிட்டால் திண்டாட்டம். அஸ்பாரஜினேஸ் செய்வது கடையை மூடுவதைத்தான். ரத்தத்தில் லிட்டருக்குச் சுமார் 50 மைக்ரோமோல் இருக்கும் அஸ்பாரஜினை அது அஸ்பார்டேட்டாகவும் அம்மோனியாவாகவும் உடைத்து, கண்டுபிடிக்க முடியாத அளவுக்குக் கொண்டுபோய்விடும். ஒரு நாள் இரண்டு நாள் இல்லை. வாரக்கணக்கில் அப்படியே வைத்திருக்கும். மற்றச் செல்கள் தங்கள் தேவையைத் தாங்களே தயாரித்துச் சமாளிக்கும். லூக்கேமியாச் செல்கள் சாகும்.

உடம்பே தயாரிக்கும் என்றால் ஊசி எதற்கு என்று கேட்டீர்கள். உடம்பு தயாரிக்கும், அந்தப் புற்றுநோயால் முடியாது என்பதால்தான் ஊசி.

நடைமுறையில் இவ்வளவு சுத்தமாக இருப்பதில்லை என்பதையும் சொல்ல வேண்டும். எலும்பு மஜ்ஜையில் லூக்கேமியாவுக்குப் பக்கத்தில் இருக்கும் சாதாரணச் செல்கள் அஸ்பாரஜினைத் தயாரித்து அதற்குக் கொடுத்துக் காப்பாற்றுவதை 2007இல் ஓர் ஆய்வு காட்டியது. சில லூக்கேமியாச் செல்களில் பூட்டிய மரபணு மறுபடி திறந்துகொள்ளும். அதனால்தான் இந்த ஊசியைத் தனியாகக் கொடுக்காமல் வின்கிறிஸ்டின் என்ற கீமோ மருந்து, ஸ்டீராய்டு போன்றவற்றோடு சேர்த்துத் தருகிறோம். 1960களின் தொடக்கத்தில் இந்த நோய் வந்த குழந்தைகளில் பத்தில் ஒருவர்கூடப் பிழைப்பது அபூர்வம். இன்று நல்ல சிகிச்சை வசதி உள்ள நாடுகளில் சுமார் 90 சதவீதம் பேர் பிழைக்கிறார்கள். அந்த வெற்றியில் அஸ்பாரஜினேஸுக்குப் பங்கு உண்டு. முழுப் பெருமையும் அதற்கு மட்டும் சேராது.

அந்தச் சிறுவன் உணவைத் தவிர்க்க வேண்டாமா என்றும் கேட்டிருந்தீர்கள். வேண்டாம். நொதி ரத்தத்திலேயே உட்கார்ந்திருக்கிறது. சாப்பாட்டிலிருந்து வரும் அஸ்பாரஜினை வந்த வேகத்தில் உடைத்துவிடும். அவனுக்குப் புரதம் கட்டாயம் வேண்டும். அவன் வீட்டார் கவனிக்க வேண்டியவை வேறு. வாந்தியோடு கடுமையான வயிற்று வலி வந்தால் கணைய அழற்சியாக இருக்கலாம். தாங்க முடியாத தலைவலி, வலிப்பு, கை கால் வீக்கம், மூச்சுத் திணறல் வந்தால் ரத்தம் உறைந்திருக்கலாம். ஊசி போட்டதும் அரிப்பு, தடிப்பு, இளைப்பு வந்தால் ஒவ்வாமை. எதுவானாலும் காத்திருக்காமல் மருத்துவமனைக்குப் போக வேண்டும். பாக்டீரியாவின் புரதம் என்பதால் சில குழந்தைகளின் உடம்பு வெளியே எந்த அறிகுறியும் காட்டாமலே எதிர்ப்பொருள் உருவாக்கி மருந்தை முறித்துவிடுவதும் உண்டு. அதற்காகத்தான் பல மையங்களில் ரத்தத்தில் நொதியின் அளவைப் பார்க்கிறோம், மில்லிலிட்டருக்கு 0.1 யூனிட்டுக்குக் கீழே போகக் கூடாது என்பது கணக்கு. ஒத்துக்கொள்ளாவிட்டால் எர்வினியா என்ற வேறொரு பாக்டீரியாவின் நொதிக்கு மாற்றுவோம்.

இனி அக்கா படித்த செய்தி. அது வெறும் வதந்தி இல்லை. அதன் வேர் ஒரு நல்ல ஆய்வு. 2018 தொடக்கத்தில் நேச்சர் இதழில் வந்தது. கேம்பிரிட்ஜைச் சேர்ந்த கிரெக் ஹானனின் குழு முன்னின்று செய்தது. டிரிபிள் நெகட்டிவ் வகையை ஒத்த மார்பகப் புற்றுநோய்ச் செல்களை எலிகளுக்குச் செலுத்தி, கட்டியிலிருந்து பிரிந்து ரத்தத்தில் கலக்கும் செல்களுக்கும் மற்றவற்றுக்கும் என்ன வித்தியாசம் என்று தேடினார்கள். தேடலில் தனித்து நின்றது அஸ்பாரஜின் சிந்தடேஸ். அதை அடக்கினால் நுரையீரலுக்குப் பரவுவது குறைந்தது. அஸ்பாரஜினேஸ் கொடுத்தாலும் குறைந்தது. அஸ்பாரஜின் இல்லாத உணவு கொடுத்தாலும் குறைந்தது. அதிகம் கலந்த உணவு கொடுத்தால் பரவல் கூடியது. இதற்கு அவர்கள் சொன்ன விளக்கமும் அழகானது. கட்டியை விட்டுக் கிளம்ப, செல் தன் ஒட்டும் தன்மையை விட்டு நகரும் தன்மைக்கு மாற வேண்டும். அந்த மாற்றத்துக்குத் தேவைப்படும் புரதங்களில் அஸ்பாரஜின் வழக்கத்தைவிட அதிகம்.

தலைப்புச் செய்திகளில் விட்டுப்போன விவரங்கள் உண்டு. மார்பில் இருந்த மூலக்கட்டியின் வளர்ச்சியில் இந்த மாற்றங்களால் பெரிய வித்தியாசம் தெரியவில்லை. பரவல் மட்டுமே மாறியது. எலிகள் சாப்பிட்டது, அமினோ அமிலங்களை ஒவ்வொன்றாக அளந்து ஆய்வகத்தில் கலந்த தீவனம். அதில் அஸ்பாரஜினை மட்டும் எடுத்துவிட்டு மற்ற 19ஐயும் வைக்க முடிந்தது. எலிகள் புரதப் பட்டினி கிடக்கவில்லை. முட்டையிலிருந்து அஸ்பாரஜினை மட்டும் நீக்கி யாரால் சமைக்க முடியும்? அக்கா ஒன்றை நீக்க நினைத்து இருபதையும் குறைத்துக்கொண்டார். போதாததற்கு, சாப்பிடாவிட்டால் உடம்பு தன் தசையையே உடைத்து அமினோ அமிலங்களை ரத்தத்தில் விடும். அதில் அஸ்பாரஜினும் சேர்த்தி. எலியில் கண்டது மனிதரிலும் நடக்கிறதா என்பதை மனிதரில்தான் சோதிக்க வேண்டும். உணவில் அஸ்பாரஜினைக் குறைத்து மார்பகப் புற்றுநோய் பரவுவதைத் தடுத்ததாக நிரூபித்த மனிதச் சோதனை எதுவும் கிடையாது.

உருளைக்கிழங்கு அந்தப் பட்டியலில் சேர்ந்தது இன்னொரு பயத்தால் என்று நினைக்கிறேன். 120 டிகிரிக்கு மேல் வறுக்கும்போதோ சுடும்போதோ அஸ்பாரஜினும் சர்க்கரையும் சேர்ந்து அக்ரிலமைடு உருவாகும். 2002இல் ஸ்வீடனில் இதைக் கண்டுபிடித்தார்கள். விலங்குகளுக்கு அதிக அளவில் கொடுத்தால் அது புற்றுநோயை உண்டாக்கும். மனிதர்கள் சாப்பாட்டில் எடுத்துக்கொள்ளும் அளவில் அப்படி நடக்கிறது என்பதற்கு உறுதியான சான்று கிடைக்கவில்லை. கருகக் கருக வறுக்காமல் இருந்தால் போதும். வேகவைத்த கிழங்கில் அந்தக் கவலையே இல்லை. (இதே அஸ்பாரஜினேஸை உணவுத் தொழிற்சாலைகளில் மாவில் கலந்து அக்ரிலமைடைக் குறைக்கிறார்கள் என்பது உபரித் தகவல்.)

சரி, சாப்பாட்டை விடுங்கள். ஊசியையாவது அக்காவுக்குப் போடலாமே என்கிறீர்கள். மேலே சொன்ன பக்க விளைவுகளைக் குழந்தைகளைவிடப் பெரியவர்கள் மோசமாகவே தாங்குகிறார்கள். கல்லீரல் பாதிப்பும் ரத்தம் உறைதலும் பெரியவர்களுக்கு அதிகம். புற்றுநோயும் கீமோவும் ஏற்கெனவே ரத்தம் உறையும் அபாயத்தைக் கூட்டியிருக்கும் உடம்பில் இன்னொன்றைச் சேர்க்க வலுவான காரணம் வேண்டும். அக்காவின் கட்டிச் செல்களிடம் சொந்தத் தயாரிப்பு இருக்க வாய்ப்பு அதிகம் என்பதால் அந்தக் காரணம் இல்லை. மற்றக் கட்டிகளில் முயன்று பார்க்காமலும் இல்லை. அஸ்பாரஜினேஸைச் சிவப்பணுக்களுக்குள் அடைத்து, முற்றிய கணையப் புற்றுநோயாளிகளுக்குக் கீமோவோடு கொடுத்த பெரிய சோதனையின் முடிவு 2021இல் வந்தது, ஆயுளைக் கூட்டவில்லை. லூக்கேமியாவுக்கு வெளியே இந்த மருந்து நன்றாகக் கைகொடுப்பது என்கே/டி செல் லிம்போமா என்ற அரிய வகையில்தான்.

அப்படியானால் செல்லின் உற்பத்தியையே நிறுத்த மருந்து கண்டுபிடிக்கலாமே என்று தோன்றும். முயல்கிறார்கள். ஆய்வகத்தில் அஸ்பாரஜின் சிந்தடேஸை முடக்கும் வேதிப்பொருள்கள் இருக்கின்றன. சிகிச்சைக்கு வந்த மருந்து ஒன்றும் இல்லை. ஏடிபியைப் பிடிக்கும் நொதிகள் செல்லில் ஏராளம். மற்றவற்றைத் தொடாமல் இதை மட்டும் பிடிப்பது கடினம். அதைவிடப் பெரிய தயக்கம் மூளையைப் பற்றியது. இந்த மரபணு இரு பிரதியிலும் பழுதாகிப் பிறக்கும் குழந்தைகளைப் பற்றி 2013இல் முதன்முதலில் எழுதினார்கள். தலை மிகச் சிறியதாக இருக்கும், அடங்காத வலிப்பு வரும், மூளை சுருங்கிக்கொண்டே போகும். சாப்பாட்டிலும் ரத்தத்திலும் அஸ்பாரஜின் இருந்தும் வளரும் மூளைக்கு அது போதவில்லை. அங்கேயே தயாராக வேண்டியிருக்கிறது.

அக்காவோடு சண்டை போட வேண்டாம். புற்றுநோய் வந்தவர்கள் தங்கள் கையில் ஏதாவது ஒன்றாவது இருக்கட்டும் என்று நினைப்பது இயல்பு. சாப்பாடு அப்படிக் கைக்கு எட்டுகிற ஒன்று. அவர் படித்த அந்தச் செய்தியையே எடுத்துக்கொண்டு இருவருமாகப் புற்றுநோய் மருத்துவரிடம் போங்கள். எந்தெந்த உணவை எப்போது நிறுத்தினார், எடை எவ்வளவு இறங்கியது, வேறு பொடியோ மாத்திரையோ எடுக்கிறாரா என்று எழுதிக் கொண்டுபோங்கள். நிறையப் பேர் இந்தக் கடைசி விஷயத்தை எங்களிடம் மறைத்துவிடுகிறார்கள். உணவியல் நிபுணரைப் பார்க்க வேண்டும் என்று நீங்களாகவே கேளுங்கள். புற்றுநோயாளிகளுக்கு உடல் எடையில் கிலோவுக்கு 1 கிராமுக்குக் குறையாமல், முடிந்தால் 1.5 கிராம் வரை தினமும் புரதம் வேண்டும் என்பது ஐரோப்பிய மருத்துவ ஊட்டச்சத்துச் சங்கத்தின் பரிந்துரை. 60 கிலோ எடை என்றால் 60 முதல் 90 கிராம். பழமும் காய்கறியும் மட்டும் சாப்பிட்டு அந்த அளவை எட்ட முடியாது.

நிறுத்தி வைத்ததை ஒரே நாளில் முழுசாகத் திணிக்க வேண்டாம். குமட்டல் இருந்தால் ஒரு வேளைச் சாப்பாட்டை இரண்டாகப் பிரித்துக் கொஞ்சம் கொஞ்சமாகக் கொடுங்கள். வாயில் புண் இருந்தால் காரத்தைத் தவிர்த்து, மசித்தோ கூழாகவோ கொடுங்கள். கீமோவால் வெள்ளணு குறைந்திருக்கும் நாட்களில் முட்டை, மீன், கோழி எதுவானாலும் நன்றாக வெந்திருக்க வேண்டும். பாலைக் காய்ச்சியே கொடுங்கள். வாரம் ஒரு முறை, ஒரே நேரத்தில், ஒரே எடைப் பொறியில் எடை பாருங்கள். இரண்டு வாரத்தில் இறக்கம் நிற்கவில்லை என்றால் அடுத்த கீமோ தேதிவரை காத்திருக்காமல் டாக்டரைக் கூப்பிடுங்கள்.